'ஆங்கிள்': ஒரு மூலையிலிருந்து கிளம்பிய சொல்



'சொல்லும் வரலாறும்' என்ற தலைப்பில் ஆளுக்கொரு சொல்லை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன் பேசிய நண்பர்கள் நல்ல தமிழ்ச் சொற்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஓர் ஆங்கிலச் சொல். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தச் சொல்லை நானாகத் தேடிப் போகவில்லை. என் பேத்திதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒருநாள் மாலை பாகைமானியை வைத்துக்கொண்டு ஒரு முக்கோணத்தின் மூலைகளை அளந்துகொண்டிருந்தாள். "தாத்தா, இதுக்குத் தமிழ்ல கோணம், மலாய்ல சூடுட், இங்கிலீஷ்ல ஆங்கிள். ஏன் தாத்தா ஆங்கிள்னு பேரு வெச்சாங்க?" என்று கேட்டாள். கார் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஆங்கிளா? அது இரும்பும்மா. அலமாரிக்குக் கால் வைப்போமே, அந்த இரும்பு" என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஒரு பக்கம் மடிந்து செங்கோணமாக நிற்கும் அந்த இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை. படம் எடுப்பவரைக் கேட்டால், கேமராவை எங்கே வைக்கிறோமோ அதுதான் ஆங்கிள் என்பார். பத்திரிகைக்காரரோ, செய்தியை எந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறோம் என்பதை அப்படிச் சொல்வார். இவையெல்லாம் அந்தச் சொல்லின் பேரப்பிள்ளைகள். தாத்தா யார் என்று பார்ப்போம்.

வடிவியலில் வரும் ஆங்கிள் லத்தீன் மொழிக்குச் சொந்தம். 'ஆங்குலுஸ்' என்றால் மூலை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன. அந்த வெள்ளத்தில் வந்த சொற்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அதற்கு முன்பே ஆங்கிலேயரிடம் இன்னொரு 'ஆங்கிள்' இருந்தது. அதற்குத் தூண்டில் முள் என்று பொருள். 1496இல் இங்கிலாந்தில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சானது. அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற மீன்பிடி நூலின் தலைப்பிலும் இருக்கிறது. இன்றும் தூண்டில் போடுகிறவரை ஆங்கிலத்தில் 'ஆங்க்லர்' என்கிறார்கள். ஒருவரிடமிருந்து பாராட்டையோ பதவியையோ நைசாக வரவழைக்கப் பார்ப்பதற்கும் இதே வினைச்சொல்தான். நாமும் "தூண்டில் போட்டுப் பார்க்கிறான்" என்கிறோம். அங்கிருந்து நாம் வாங்கவும் இல்லை, இங்கிருந்து அவர்கள் வாங்கவும் இல்லை. மீனும் ஆசையும் எல்லா ஊரிலும் உண்டு.

மூலையும் தூண்டில் முள்ளும் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயலா என்றால், முழுக்கத் தற்செயல் அல்ல. வளைவைக் குறிக்கும் ஒரு பழைய வேர் இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிளைத்திருக்கிறது. லத்தீனின் மூலை, ஆங்கிலத்தின் தூண்டில், கிரேக்கரின் நங்கூரம், ஆங்கிலத்தில் கணுக்காலுக்கு வழங்கும் பெயர் எல்லாம் அந்தக் குடும்பம். சமற்கிருதத்தில் அதே குடும்பத்துப் பிள்ளை ஒன்று உண்டு. நாம் அதைத் தினமும் கோவிலில் பார்க்கிறோம். பிள்ளையார் கையில் இருக்கும் அங்குசம்தான் அது. யானையை அடக்கும் வளைந்த கொக்கி. இனிமேல் பேத்தி பாகைமானியை எடுக்கும்போது பிள்ளையாரையும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் அரங்குகளில் ஒலி ஒத்துப்போனால் போதும், உடனே உறவு கொண்டாடிவிடுகிறோம். கிரேக்கத்தில் கோணத்துக்கு 'கோனியா' என்று பெயர். அதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, நம்முடைய கோணம்" என்று கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேக்கச் சொல் முழங்காலைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. நமக்குக் கோணல், கோணுதல் என்று நம்முடைய வழியே இருக்கிறது. அதுபோலவே தேவதூதரைக் குறிக்கும் 'ஏஞ்சல்' என்ற சொல்லுக்கும் ஆங்கிளுக்கும் எந்த உறவும் இல்லை. அது தூதன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒலி ஒத்துப்போனதை வைத்து ஒருவர் சொன்ன சிலேடையால்தான் ஒரு நாட்டின் கதையே திரும்பியது என்று ஒரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைக்கு அருகில், பால்டிக் கடலோரமாக ஒரு சிறு நிலப்பகுதி இருக்கிறது. ஃப்ளென்ஸ்புர்க் நகரத்துக்கும் ஷ்லை என்ற நீண்ட கடற்கழிக்கும் நடுவில் உள்ள பகுதி. அதற்கு இன்றும் 'ஆங்கெல்ன்' என்றுதான் பெயர். அந்த நிலம் தூண்டில் முள்போல் வளைந்து கிடப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். குறுகிய நீர்வழியை ஒட்டியிருப்பதால் குறுகலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. அங்கே வாழ்ந்த மக்களை உரோமானியர் 'ஆங்லி' என்றார்கள்.

கி.பி. 98இல் உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதினார். அதில் ஏழு சிறு குலங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஏழில் ஒன்று ஆங்கிள் குலம். தனியாகச் சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை, எல்லாரும் சேர்ந்து நெர்துஸ் என்ற பூமித்தாயை வணங்குகிறார்கள் என்கிறார். துணி போர்த்திய வண்டியில் பசுக்களைப் பூட்டி அம்மனை ஊர்வலம் கொண்டுபோவார்களாம். அந்த நாட்களில் போர் கிடையாது. ஆயுதங்களைப் பூட்டி வைத்துவிடுவார்கள். முடிவில் ஏரியில் தீர்த்தமாட்டுவார்கள். கேட்கும்போது நம் ஊர் அம்மன் தேர்போலவே இருக்கிறது அல்லவா? அடுத்த வரியில் அந்த நினைப்பு கலைந்துவிடும். தீர்த்தமாட்டிய அடிமைகளை அதே ஏரியில் மூழ்கடித்துவிடுவார்கள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் ஆட்சி பிரிட்டனைவிட்டு விலகியது. அதன் பிறகு ஆங்கிள்களும், அண்டையில் இருந்த சாக்ஸன்களும், ஜூட்களும் கடலைக் கடந்து பிரிட்டனில் குடியேறினார்கள். போரிட்டு வந்தார்களா, பிழைப்புத் தேடி வந்தார்களா என்ற வாதம் நெடுங்காலமாக நடந்தது. 2022இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு, வந்தவர்கள் ஒரு கைப்பிடிப் போர்வீரர்கள் மட்டும் அல்ல என்று காட்டியது. அந்தக் காலத்தில் கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் புதைக்கப்பட்டவர்களின் மரபில் 76 விழுக்காடு வரை வடகடல் கரையோர நிலங்களிலிருந்து வந்தது என்பது அதன் முடிவு. பெண்களும் வந்திருக்கிறார்கள், குடும்பங்களும் வந்திருக்கின்றன. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உரோமாபுரிச் சந்தைக்கு வருவோம்.

இந்தக் கதையை எழுதியவர் பீட் என்ற துறவி. வட இங்கிலாந்தில் ஜாரோ என்ற ஊரின் மடத்தில் வாழ்ந்தவர். அவரும் ஆங்கிள்கள் ஆண்ட நார்த்தம்பிரியாவைச் சேர்ந்தவர்தான். 731இல் தம் வரலாற்று நூலை முடித்தார். முன்னோர் சொல்லக் கேட்டது என்ற குறிப்போடு இந்த நிகழ்ச்சியை அதில் எழுதுகிறார். பிற்காலத்தில் போப்பாண்டவரான கிரெகரி, ஒருநாள் சந்தைக்குப் போகிறார். புதிதாக வணிகர்கள் வந்திறங்கியிருக்கிறார்கள். பலவகைச் சரக்கு. சரக்கோடு சரக்காகச் சில பையன்களும் விற்பனைக்கு நிற்கிறார்கள். வெளுத்த மேனி, அழகான முகம், நேர்த்தியான தலைமுடி. இவர்கள் எந்த நாட்டார் என்று கேட்கிறார். பிரிட்டன் தீவு என்று பதில் வருகிறது. எந்த இனம் என்று கேட்கிறார். 'ஆங்லி' என்கிறார்கள். லத்தீனில் தேவதூதர்களுக்கு 'ஆஞ்செலி' என்று பெயர். பொருத்தமான பெயர்தான், முகமும் அப்படியே இருக்கிறது என்று கிரெகரி சொல்கிறார். அதோடும் விடவில்லை. அவர்களுடைய நாட்டின் பெயரை வைத்து ஒரு சிலேடை, அரசன் பெயரை வைத்து இன்னொரு சிலேடை. நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் தோற்றார்கள்.

கிரெகரி 590இல் போப்பாண்டவர் ஆனார். அவர் அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி 597இல் சுமார் 40 பேருடன் இங்கிலாந்தின் கெண்ட் கரையில் இறங்கினார். ஆங்கிலேயர் கிறித்துவத்துக்கு வந்த வழி அது. சந்தைக் கதை நடந்ததோ இல்லையோ, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கடிதம் ஒன்று இருக்கிறது. 595இல் கிரெகரியே எழுதியது. கோல் நாட்டில் திருச்சபையின் நிலங்களைக் கவனித்துவந்த பாதிரியாருக்கு எழுதுகிறார். வரும் பணத்தில் ஏழைகளுக்குத் துணி வாங்குங்கள், 17, 18 வயதுள்ள ஆங்கில இளைஞர்களை வாங்கி மடங்களில் சேருங்கள் என்கிறார். ஆக, அந்த இனத்துப் பிள்ளைகள் விலைக்குக் கிடைத்தார்கள் என்பதில் ஐயம் இல்லை.

இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெள்ளைக்காரத் துரை, மற்றவர் கிராணி. கிராணி வீட்டு வாசலுக்குப் போகும்போது அப்பா தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். கிராணியும் தமிழர்தான். துண்டு இறங்கியது அவருக்காக அல்ல, அவர் மேசையில் கிடந்த ஆங்கிலத்துக்காக. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1962இல் எங்கள் தோட்டத்துக்கும் அந்த முறை வந்தது. ஒரு தாளைக் கொடுத்து, கணக்கு முடிக்கும் தாள் என்று வாயால் சொன்னார்கள். அப்பா கைநாட்டு வைத்தார். லயத்து வீட்டை இன்ன தேதிக்குள் காலி செய்துதருவதாக அதில் எழுதியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற வெறி எனக்குப் பிடித்தது அந்த வாரத்தில்தான். ஆசையால் வந்த படிப்பு அல்ல, அச்சத்தால் வந்த படிப்பு.

அதனால்தான் பீட் எழுதிய கதையில் சிலேடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கதை முழுக்க கிரெகரி கேட்கிறார், யாரோ பதில் சொல்கிறார்கள். பையன்கள் வாய் திறக்கவே இல்லை. அந்தச் சந்தையில் அவர்களுடைய மொழி யாருக்கும் தேவைப்படவில்லை. எந்த மொழியின் முன்னால் என் தகப்பனார் துண்டை இறக்கினாரோ, அந்த மொழியின் மூதாதை அன்று விலைச்சரக்கின் வாயில் அடைபட்டுக் கிடந்தது.

பிறகு அந்தப் பெயர் எப்படி எழுந்தது? வந்த மூன்று குலங்களில் சாக்ஸன்கள் சளைத்தவர்கள் அல்லர். எஸ்ஸெக்ஸ், ஸஸ்ஸெக்ஸ் எல்லாம் அவர்கள் பெயரில் நிற்கும் மாவட்டங்கள். வேல்ஸ் மக்களும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்காரர்களும் இன்றுவரை ஆங்கிலேயரை 'சாக்ஸன்' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நியாயப்படி நாடு சாக்ஸன் நாடாகியிருக்க வேண்டும். ஆனால் பீட் தம் நூலுக்கு 'ஆங்கிள் இனத்தின் திருச்சபை வரலாறு' என்று பெயர் வைத்தார். எல்லாரையும் சேர்த்து அந்த ஒரே பெயரால் அழைத்தார். படித்தவர்கள் படித்த நூல் அதுதான். 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் சாக்ஸன் குலத்தவர். அவரே தம் மொழியை 'எங்லிஷ்' என்றுதான் எழுதினார். வாளால் ஆகாததை ஒரு மடத்துத் துறவியின் எழுதுகோல் செய்தது. ஆங்கிள்களின் நேரடிப் பெயர் இன்று கிழக்கு ஆங்கிலியா என்ற வட்டாரத்தில் மட்டும் அப்படியே மிஞ்சியிருக்கிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர்கள் வாயிலேயே ஆங்கிள் 'எங்கிள்' ஆகிவிட்டது. முதலில் இருந்த அகரம் போய் எகரம் வந்தது. இப்போது எழுதுவது எகரம், சொல்வது இகரம். நாமோ ஆங்கிலம், ஆங்கிலேயர் என்று எழுதுகிறோம். லத்தீன் 'ஆங்லியா'வின் முதல் ஒலி அவர்களுடைய சொந்தப் பெயரைவிட நம் சொல்லில் நன்றாகக் கேட்கிறது. மலாய்க்காரர்களுக்கு 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்தான் முதலில் வந்த ஐரோப்பியர். அதனால் அவர்கள் வாய்ச்சொல் வழியே 'இங்கெரிஸ்' என்ற பெயர் மலாயில் நிலைத்தது. நம் முன்னோர் வெள்ளைக்காரரைப் பரங்கி என்றும் அழைத்தார்கள். அதுவும் ஒரு ஜெர்மானியக் குலத்தின் பெயர்தான். பிரான்சுக்குப் பெயர் கொடுத்த ஃபிராங்க் குலம். அரபு, பாரசீக மொழிகளின் வழியாக நம்மிடம் வந்தது. பினாங்குக்குப் போகிறவர்கள் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் குளித்துவிட்டு வருகிறார்கள். அந்த ஃபெரிங்கி நம் பரங்கியேதான். பரங்கிக்காயைச் சாம்பாரில் போடும்போதும் நினைத்துக்கொள்ளலாம்.

'ஆங்கிலோ' என்ற முன்னொட்டு இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பலகைகளில் ஏறியது. சிங்கப்பூரில் 1886இல் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கியவர் வில்லியம் ஓல்டம். அவர் பிறந்த ஊர் பெங்களூரு. தொடக்கத்தில் 13 மாணவர்கள், சீன வணிகர்களின் பிள்ளைகள். ஈப்போவில் அதே பெயரில் 1895இல் ஒரு பள்ளி வந்தது. கடிதம் வாசிக்கத் தெரிந்த தலைமுறைகள் இப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து வந்தன. கிராணிமாரும் வந்தார்கள், கிராணிமாரை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர்களும் வந்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. நம் நாட்டில் 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளிலும் அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கோணம் 'ஆங்கிள்' ஆனது. 2009இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். 2012 முதல் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பினோம். 2016இல் இருமொழித் திட்டம் என்று இன்னொன்று வந்தது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடையே அதைப் பற்றி எவ்வளவு சண்டை நடந்தது என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் நான் அறிவேன். தமிழில்தான் கணக்கு வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆங்கிலம் வேண்டும் என்று நின்ற பெற்றோர் சிலருடைய கண்ணில் நான் பார்த்தது என் தகப்பனாரின் கைநாட்டை. அவர்களைத் துரோகிகள் என்று மேடையில் ஏசியவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

என் கட்சி இதுதான். கோணம் என்றால் என்ன என்று பிள்ளைக்கு முதலில் புரிய வேண்டும். நிமிர்ந்து நிற்பது செங்கோணம். அரசன் கை செங்கோலில் உள்ள அதே 'செம்', நேர்மை. விரிந்தது விரிகோணம், குறுகியது குறுங்கோணம். சொல்லே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மலாயிலும் சூடுட் தெகாக் என்றால் நிமிர்ந்து நிற்கும் கோணம்தான். இவ்வளவும் மனத்தில் ஏறிய பிள்ளைக்கு 'ரைட் ஆங்கிள்' என்பது ஒரு நிமிட வேலை. முதலிலேயே புரியாத ஒலியாக 'ஆங்கிள்' போய் உட்கார்ந்தால், அதன் முன்னால் அந்தப் பிள்ளையும் துண்டை இறக்கத்தான் செய்யும்.

பேத்திக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்லி முடிக்க மூன்று மாலைகள் ஆயின. ஆங்கெல்ன் எங்கே இருக்கிறது என்று நிலப்படத்தில் தேடினாள். விரல் நுனியில் மறைந்துபோகும் அளவுக்கு இருந்தது. இப்போது அங்கே இருப்பவர்கள் இங்கிலீஷ் பேசுவார்களா என்று கேட்டாள். இல்லை, ஜெர்மன் பேசுகிறார்கள், டேனிஷ் மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பாகைமானியைப் பெட்டியில் வைத்தபடியே கேட்டாள். "அந்தச் சந்தையில நின்ன பசங்களை அந்தத் தாத்தா வாங்கிட்டாரா?"

பீட் நூலில் மறுபடியும் தேடிப் பார்த்தேன். கிரெகரி சந்தையிலிருந்து நேராகப் போப்பாண்டவரிடம் போய், அந்த நாட்டுக்குப் போதகர்களை அனுப்புங்கள் என்று கேட்டது இருக்கிறது. தானே போகத் தயார் என்று சொன்னது இருக்கிறது. உரோமாபுரி மக்கள் அவரை விட மறுத்தது இருக்கிறது. பையன்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.